காலும் கொம்பும் காணவில்லை

"இது திருட்டே இல்லைங்கிறதுக்கு எங்கிட்ட ஒரு ஆதாரம் இருக்கு, அத்தை" என்று வானொலி நிலையத்தின் படியேறிக்கொண்டே சொன்னார் மாப்பிள்ளை.

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"காணாமப்போன பட்டியல்ல நூத்திப் பன்னெண்டாவது என்ன தெரியுமா? 'பேன்'. தலையில பேன் வந்தா என்ன செய்யணும்னு ஒரு டாக்டரம்மா இருபது நிமிஷம் பேசியிருக்காங்க. அதைப் போய் எந்தத் திருடன் திருடுவான்?"

"தலை அரிச்சா திருடுவான். பேசாம வாங்க, மணி ரெண்டு ஆகுது" என்றார் அத்தை.

அத்தை இருபத்தாறு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். அடுத்தவர் எழுத்தில் தப்புக் கண்டுபிடித்தே பழகிய கண், ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மறுத்தது. தையல் கடை மாடியில் இரண்டு அறை பிடித்து, 'துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டிவிட்டார். மாப்பிள்ளை அவருடைய ஒரே மகளைக் கட்டியவர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவர் இல்லாமலும் கம்பெனி ஓடும் என்பது எட்டு மாதத்துக்கு முன் கம்பெனிக்குத் தெரிந்துபோனது. அன்றிலிருந்து மாமியாருக்கு உதவியாளர். மாப்பிள்ளை என்பதால் 'வாங்க, போங்க' என்ற மரியாதை. உதவியாளர் என்பதால் காலை முதல் மாலை வரை விரட்டல். 'தயவுசெஞ்சு வாயை மூடிக்கிட்டு உக்காருங்க மாப்பிள்ளை' என்று இவ்வளவு பணிவாக அதட்டப்படும் ஆள் தன்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது என்பது அவருடைய எண்ணம்.

முந்தின நாள் அவர்கள் மாடிக்கு ஓர் அம்மாள் வந்திருந்தார். இந்த வானொலி நிலையத்தின் ஒலிப்பெட்டகத்தை, அதாவது பழைய பாட்டு, பேச்சு, நாடகம் எல்லாம் சேர்த்து வைத்திருக்கும் அறையை, இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்பவர். நிலையத்தில் எல்லோரும் பெட்டகத்தம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முன்னூற்றுப் பதினேழு ஒலிப்பதிவுகளைத் திருடி வெளியே கொடுத்துவிட்டதாக அவர் மேல் குற்றச்சாட்டு. இன்று நான்கு மணிக்கு நிர்வாகக் குழு கூடுகிறது. கூடினால் வேலை போகும். புகார் போலீசுக்குப் போகும்.

"வேலை போனாக்கூடப் போகட்டுங்க. திருடின்னு சொல்லிட்டாங்க. கேன்டீன்ல என் மேஜையில இப்ப யாரும் உக்கார மாட்டேங்கிறாங்க" என்று சொல்லி அழுதார். அத்தை உடனே கேஸை எடுத்துக்கொண்டுவிட்டார்.

---

நிலைய இயக்குநரின் அறையில் அவருடைய நாற்காலி மட்டும் உயரமாக இருந்தது. மற்ற நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள் அண்ணாந்துதான் பேச வேண்டும். ஆசாமி பெரும்புள்ளி என்பதை நாற்காலியே சொன்னது.

"இதுல துப்பறிய ஒண்ணுமே இல்லைங்க. பெட்டகத்துச் சாவி அவங்ககிட்ட. கம்ப்யூட்டர் அவங்க மேஜையில. பழைய அச்சுப் பட்டியலை வச்சு எண்ணினோம், முன்னூத்திப் பதினேழு குறையுது. மிச்சம் இருக்கறதுக்கெல்லாம் சங்கேதப் பேர் வச்சிருக்காங்க" என்றார் இயக்குநர்.

"சங்கேதப் பேரா?"

இயக்குநர் ஒரு தாளை நீட்டினார். மாப்பிள்ளை அதை வாங்கி வாய்விட்டுப் படித்தார். "கட... நல... படட... பன... அத்தை, இது சங்கேதம் மாதிரி தெரியலை. பல்செட்டைக் கழட்டி வச்சுட்டுப் பேசற மாதிரி இருக்கு."

"மாப்பிள்ளை."

"சரிங்க அத்தை."

"இங்கிலீஷ் பாட்டும் வச்சிருக்கீங்கல்ல? அதோட பேரெல்லாம் எப்படி இருக்கு?" என்று இயக்குநரைக் கேட்டார் அத்தை.

"அது பிரமாதமா இருக்கு. ஒரு எழுத்துப் பிசகலை. முன்னைவிட அழகா இருக்குன்னே சொல்லலாம்" என்றவர், சட்டென்று நிறுத்தி, "அந்தம்மாவுக்கு இங்கிலீஷ்ல சங்கேதம் வைக்க வரலை போல" என்று முடித்தார்.

"அந்தக் கம்ப்யூட்டரை வேற யாராவது தொட்டாங்களா?"

"யாரும் இல்லை. யாருமே இல்லை" என்று இரண்டு தடவை சொன்னார் இயக்குநர்.

வெளியே வந்ததும், "ஒரு தடவை 'இல்லை'ன்னா இல்லைன்னு அர்த்தம். ரெண்டு தடவை சொன்னா என்ன அத்தை அர்த்தம்?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"அச்சகத்துல ஒரே வார்த்தை ரெண்டு தடவை வந்தா ஒண்ணை அடிச்சிருவோம். இங்க எதை அடிக்கிறதுன்னு பார்க்கலாம்" என்றார் அத்தை.

---

ஒலிப்பெட்டகம் நடைபாதையின் கோடியில் இருந்தது. கூரை வரை இரும்பு அலமாரிகள், அவற்றில் வரிசையாகப் பழைய டேப் பெட்டிகள். மாப்பிள்ளை ஆசையாக ஒன்றை உருவித் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

"எல்லாம் காலிங்க. டேப்பெல்லாம் பூஞ்சை பிடிச்சுப் போச்சுன்னு ஆறு வருஷத்துக்கு முன்னாலயே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு வெளிய போட்டுட்டாங்க. கம்ப்யூட்டர்ல இருக்கறதுதான் இப்ப இருக்கற ஒரே பிரதி. இன்னொரு பிரதி எடுத்து வைக்கணும்னு மூணு லெட்டர் எழுதினேன்" என்றார் பெட்டகத்தம்மா.

ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் விரல் நீளத்துக்கு ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. குடை. நிலா. பூட்டு. பனி. எல்லாமே ஒற்றைச் சொல்.

"ஏம்மா எல்லாத்துக்கும் ஒரே வார்த்தையில பேரு?" என்று அத்தை கேட்டார்.

"சீட்டு அவ்வளவுதாங்க. ரெண்டு வார்த்தை எழுதினா அடுத்த பெட்டிக்குப் போயிடும். அதனால பாட்டோ பேச்சோ, ஒரு வார்த்தைதான். ஒரே பேர் ரெண்டுக்கு வந்துடாம பார்த்துக்கறது என் பொறுப்பு. கம்ப்யூட்டர்ல ஏத்தறப்ப நம்பர், ஒரு கோடு, அந்தப் பேர், இன்னொரு கோடு, பாடினவங்க பேர், அடைப்புக்குறிக்குள்ள ஏதாவது குறிப்பு, இப்படி ஏத்தினோம். போன வாரம் திங்கக்கிழமை வந்து பார்க்கறேன், நம்பரும் இல்லை, பாடினவங்களும் இல்லை. வெறும் 'கட'. 'நல'. எனக்கு ஒண்ணுமே புரியலை. ஒவ்வொண்ணா ஓடவிட்டுக் கேட்டு, எது எந்தப் பாட்டுன்னு இந்த நோட்டுல எழுத ஆரம்பிச்சேன். இதைத்தான் சங்கேத நோட்டுன்னு பிடிச்சுக்கிட்டாங்க."

அத்தை நோட்டை வாங்கி ஜன்னலோரம் போனார். இடது பக்கம் கம்ப்யூட்டர் காட்டும் பெயர், வலது பக்கம் அந்த அம்மாள் காதால் கேட்டு எழுதிய பெயர். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை படித்தார். அச்சகத்துப் பழக்கம். கீழிருந்து படித்தால் மனசு அர்த்தத்துக்குப் பின்னால் ஓடாமல் எழுத்தை மட்டும் பார்க்கும் என்பார்.

"மாப்பிள்ளை, இங்க வாங்க. இந்த நாலைப் பாருங்க."

மாப்பிள்ளை பார்த்தார். கலகல என்பதற்கு நேரே கலகல. சலசலவுக்கு நேரே சலசல. தகதக, தகதக. படபட, படபட.

"இதெல்லாம் ஒழுங்கா இருக்கே!"

"சங்கேதம் வைக்கற திருடி இந்த நாலை மட்டும் ஏன் விட்டுட்டா?"

"இரைச்சலா இருக்குன்னு விட்டிருப்பா."

"விளையாடாதீங்க. கலகலவுல என்ன இல்லைன்னு சொல்லுங்க."

மாப்பிள்ளை யோசித்தார். க, ல, க, ல. திருதிருவென்று முழித்தார். பெட்டகத்தம்மாதான் மெதுவாகச் சொன்னார். "கால் இல்லை. கொம்பு இல்லை. மேல புள்ளி இல்லை."

"அதேதாம்மா!" என்ற அத்தை கொண்டையில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை உருவினார். நோட்டின் ஓரத்தில் 'குடை' என்று எழுதினார். "இந்தக் கு-வோட வாலை வெட்டறேன். டை-க்கு முன்னால நிக்கற கொம்பை அடிக்கறேன். இப்பப் படிங்க மாப்பிள்ளை."

"கட."

"நிலா. நி-க்கு மேல இருக்கற சுழியைக் கழட்டறேன், லா-வோட காலை எடுத்துடறேன்."

"நல! அத்தை, பூட்டு?"

"வாலும் போச்சு, புள்ளியும் போச்சு. படட."

மாப்பிள்ளைக்குப் புல்லரித்தது. திருடு போனது காலும் கொம்பும் புள்ளியும்தான். பறிக்க ஒன்றுமே இல்லாத கலகலவும் சலசலவும் பிழைத்துக்கொண்டன.

"பேர் கெட்டது புரியுதுங்க. முன்னூத்திப் பதினேழு காணோமே, அது எங்க போச்சு?" என்றார் பெட்டகத்தம்மா.

அத்தை கையோடு கொண்டுவந்திருந்த குற்றச்சாட்டுக் கடிதத்தைப் பிரித்து மேஜையில் வைத்தார். காணாமல் போனவை எல்லாம் அதில் வரிசையாக அச்சாகியிருந்தன. சிவப்புப் பென்சில் இறங்கியது. கூடு: கட. காடு: கட. கொடி: கட. கோடை: கட. அடுத்த பக்கம். நூல், நல. பேட்டி, படட. போட்டி, படட. பட்டு, படட. நூற்றுப் பன்னிரண்டாவது, பேன்.

"பன" என்று மூச்சை இழுத்தார் மாப்பிள்ளை. "பனியும் பன, பேனும் பன! கம்ப்யூட்டர்ல ஒரே இடத்துல ஒரே பேர்ல ரெண்டு இருக்க முடியாது அத்தை. ரெண்டாவதா வர்றது முதலாவது மேல உக்காந்துக்கும். முதலாவது காலி. டாக்டரம்மா பேச்சு மேல பனி விழுந்துருச்சு. குடை ஒண்ணு தப்பிக்கறதுக்காகக் கூடு, காடு, கொடி, கோடை நாலும் பலி."

முப்பது, நாற்பது பெயர்களை அடித்துப் பார்த்துவிட்டார்கள். காணாமல் போன ஒவ்வொன்றுக்கும், அதே போல உடைந்த பெயரில் ஒன்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தது. ஒன்றுகூட விலகவில்லை.

பெட்டகத்தம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ யாரும் எடுக்கலை. அழிஞ்சு போச்சு" என்றார். குற்றம் கழன்றது என்ற நிம்மதி அந்த முகத்தில் ஒரு வினாடிகூட நிற்கவில்லை. பாட்டுகள் போனதுதான் பெரிதாகத் தெரிந்தது. மாப்பிள்ளைக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"இதை எது செஞ்சுதுன்னு கண்டுபிடிக்கணும்" என்றார் அத்தை. மணி மூன்று ஐந்து.

---

"ரெஜெக்ஸ்" என்றார் மாப்பிள்ளை, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து சட்டைக் கையை மடக்கிவிட்டபடி. எட்டு மாதத்துக்குப் பிறகு தனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று கிடைத்த சந்தோஷம் குரலில் வழிந்தது.

"தமிழ்ல சொல்லுங்க."

"ஒரு சல்லடை அத்தை. பாட்டோட பேர் எப்படி இருக்கும்னு ஒரு வடிவம் எழுதிக் குடுக்கணும். முதல்ல எண், அப்புறம் கோடு, அப்புறம் எழுத்துகள், திரும்பக் கோடு, பாடினவங்க பேர், கடைசியில அடைப்புக்குறி. இதுல முதல் கோட்டுக்கு அப்புறம் வர்ற எழுத்துகளை மட்டும் வச்சுக்கோ, மிச்சத்தைக் கொட்டிடுன்னு சொன்னா, ஆயிரம் பேரையும் ஒரே நிமிஷத்துல சலிச்சுக் குடுத்துரும். எழுத்துன்னு சொல்றதுக்கு ஒரு சாய்கோடும் பக்கத்துல டபிள்யூவும் போடுவாங்க. இங்கிலீஷுக்கு அது போதும். தமிழ்ல அந்தச் சல்லடைக்கு 'க' மட்டும்தான் எழுத்து. அது மேல ஏறி உக்காந்த காலும் கொம்பும் புள்ளியும் ஒட்டுத்துணி மாதிரி. உதறிரும்."

"புள்ளியை உதறினா அது தமிழா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். எந்த மடையன் எழுதினானோ! ஒரே ஒரு தமிழ்ப் பேரைப் போட்டு ஓட்டிப் பார்த்திருந்தாலே வண்டவாளம் தெரிஞ்சிருக்கும். இங்கிலீஷ்ல ரெண்டு பாட்டைச் சலிச்சுட்டு, காலரைத் தூக்கி விட்டுக்கிட்டிருப்பான். இவனையெல்லாம் கம்ப்யூட்டர் பக்கமே விடக் கூடாது அத்தை. கையைக் கட்டிப் போடணும்."

"ஆளைப் பிடிச்சதும் கட்டலாம். முதல்ல அந்தச் சல்லடையைத் தேடுங்க" என்று சொல்லிவிட்டு, அத்தை பெட்டகத்தம்மாவுக்குத் தண்ணீர் எடுக்கப் போனார்.

தேடுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. இணையத்திலிருந்து இறக்கிய சாமான்கள் கிடக்கும் இடத்தில் அது கிடந்தது. 'பாட்டுப் பெயர் அழகுபடுத்தி', விலையில்லா மென்பொருள். இறக்கிய நேரம், போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று ஐந்து. பெட்டகத்தம்மாவுக்கு ஞாயிறு விடுமுறை. மாப்பிள்ளை சீட்டியடித்துக்கொண்டே அதைத் திறந்தார்.

முதல் வரியில் இப்படி இருந்தது: 'எழுதியவர்: சூரப்புலி. குறை இருந்தால் தெரிவிக்கவும். இருக்காது.'

சீட்டி நின்றுவிட்டது.

சூரப்புலி என்பது வேறு யாருமில்லை. ஆறு வருடத்துக்கு முன் இணையத்தில் மாப்பிள்ளை தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம். தன் இங்கிலீஷ் பாட்டுகளை ஒழுங்குபடுத்த ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து இதை எழுதினார். ஊருக்கும் பயன்படட்டும் என்று இலவசமாகப் போட்டுவைத்தார். பதினோரு பேர் பாராட்டியிருந்தார்கள். அதில் இரண்டு பேர் அவரேதான்.

தன்னுடைய சாய்கோடு, தன்னுடைய டபிள்யூ. கண் முன்னால் நின்றது. மடையன் என்று சொன்ன வாய் உலர்ந்துபோனது.

அறையின் மறுகோடியில் அத்தை அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இருவருமே இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அந்த முதல் வரியை அழிக்க ஒரே ஒரு விசை போதும். எட்டு மாதமாக வேலை இல்லை. இருந்த ஒரே பெருமை, கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்பது. அதுவும் போனால் வீட்டில் எந்த முகத்தோடு சாப்பிட உட்காருவது? மாப்பிள்ளையின் விரல் அந்த விசை மேல் போய் நின்றது. அழுத்தவில்லை. எடுக்கவும் இல்லை.

"கிடைச்சுதா மாப்பிள்ளை?"

"சல்லடை கிடைச்சுது அத்தை" என்றார் அவர். திரையில் இருந்ததை அச்செடுக்கத் தட்டினார்.

---

நான்கு மணிக்குக் குழு கூடியது. குழுத் தலைவர் ஓர் அம்மாள். அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர். இயக்குநர் அவருக்குப் பக்கத்தில். மேஜையின் இந்தப் பக்கம் பெட்டகத்தம்மா, கைகளை மடியில் கோத்துக்கொண்டு.

அத்தை சிவப்புப் பென்சிலோடு எழுந்து, குடையைக் கட ஆக்கிக் காட்டினார். பேனைப் பன ஆக்கிக் காட்டினார். தலைவரம்மாளுக்கு ஆர்வம் வந்துவிட்டது. தன் பேரை எழுதி, காலையும் கொம்பையும் தானே அடித்துப் பார்த்துச் சிரித்தார். சல்லடையை அச்செடுத்து வைத்திருந்த தாளும் மேஜைக்கு வந்தது.

இயக்குநர் அந்தத் தாளை எடுத்து, முதல் வரியில் விரலை வைத்தார்.

"இப்பத்தான் கேஸ் முழுசாகுது! சூரப்புலி! யாரு இந்தச் சூரப்புலி? இந்தம்மாவோட கூட்டாளி. ஆள் வச்சு எழுதி வாங்கி, பேரைக் கெடுத்து, எது காணோம்னு யாருக்கும் தெரியாம செஞ்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமை வந்து இறக்கியிருக்காங்க, சாவி அவங்ககிட்டதானே இருக்கு? போலீஸ் ரெண்டு பேரையும் சேர்த்துப் பிடிக்கட்டும்."

"எனக்கு அப்படி யாரையும் தெரியாதுங்க" என்றார் பெட்டகத்தம்மா. தலைவரம்மாளின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. பேனாவின் மூடியைத் திறந்துவிட்டார்.

அத்தை முதல் தடவையாகத் தடுமாறினார். சூரப்புலியை எங்கே போய்த் தேடுவது?

மாப்பிள்ளை எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை எடுத்து நிறுத்தினார். பிறகு சொன்னார்.

"சூரப்புலி நான்தாங்க."

"மாப்பிள்ளை, இது விளையாடற நேரம் இல்லை" என்றார் அத்தை.

"விளையாடலை அத்தை. மத்தியானம் மடையன்னு சொன்னேனே, அது என்னைத்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால நான் எழுதினது. தமிழ்ல ஓட்டிப் பார்க்கலை. இந்தம்மாவை நேத்து சாயங்காலம் வரைக்கும் எனக்குத் தெரியாது. இவங்க மேல ஒரு தப்பும் இல்லை. தப்பு என்னோடது." சொல்லி முடித்த பிறகும் அவர் உட்காரவில்லை. "இன்னொண்ணும் இருக்கு. எழுதினவனுக்கு மட்டும் தெரிஞ்சது. கம்ப்யூட்டரை இங்க கொண்டு வரலாமா?"

கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளை விசைகளைத் தட்டினார்.

"எனக்கு எப்பவும் பயம் ஜாஸ்திங்க. பேரை மாத்தறதுக்கு முன்னால, பழசை அப்படியே ஒரு பிரதி எடுத்து ஒளிச்சு வைக்கற மாதிரிதான் எழுதியிருப்பேன். கம்ப்யூட்டர்ல ஒரு உறைக்கு, அதான் ஃபோல்டருக்கு, பேர் வைக்கறப்ப முதல்ல ஒரு புள்ளி வச்சா, அது யார் கண்ணுக்கும் தெரியாது."

"எல்லாப் புள்ளியையும் தின்னுட்டு, ஒரு புள்ளிக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கா உங்க சல்லடை?" என்றார் அத்தை.

மாப்பிள்ளை கடைசி விசையைத் தட்டினார். திரையில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. 0108 - காடு. 0109 - கூடு. 0110 - கொடி. எண்ணோடு, பாடியவர் பேரோடு, அடைப்புக்குறியோடு, காலும் கொம்பும் புள்ளியும் அதனதன் இடத்தில். 0731 - பேன் - டாக்டர் பேச்சு (முதல் பகுதி).

பெட்டகத்தம்மா எழுந்து வந்து திரையைத் தொட்டுப் பார்த்தார். "இருக்கு. எல்லாம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"அதே உறையில ஒரு குறிப்பும் இருக்கும். ஓட்டறதுக்கு முன்னால 'உங்கள் பெயர்?'னு கேக்கும். யார் என்ன தட்டினாங்களோ அதை அதுவே எழுதி வச்சுக்கும். அதையும் அதே சல்லடையில சலிச்சுத்தான் எழுதும், அப்படி ஒரு கிறுக்கு எனக்கு" என்றபடி மாப்பிள்ளை குறிப்பைத் திறந்தார்.

திரையில் ஒரே ஒரு சொல் இருந்தது: 'இயககநர'.

அத்தை சிவப்புப் பென்சிலை எடுத்து, அந்தச் சொல்லை ஒரு தாளில் எழுதினார். முதல் ககரத்துக்கு மேல் ஒரு புள்ளி வைத்தார். அடுத்த ககரத்துக்கு ஒரு வால் போட்டார். ரகரத்துக்கு மேல் ஒரு புள்ளி. தாளைத் திருப்பி இயக்குநரின் முன்னால் தள்ளினார்.

"படிங்க சார்."

இயக்குநர் படிக்கவில்லை. தன் உயரமான நாற்காலி இந்த அறையில் இல்லாதது அவருக்கு அப்போது நன்றாகத் தெரிந்தது.

"மேலிடத்துல இருந்து பார்க்க வராங்கன்னு சொன்னாங்க. பேரெல்லாம் அலங்கோலமா இருந்துச்சு. அழகாகும்னு போட்டிருந்துச்சு, எங்கிட்ட இருந்த மாத்துச் சாவியில பெட்டகத்தைத் திறந்து ஓட்டினேன். இங்கிலீஷ் பாட்டை மட்டும் திறந்து பார்த்தேன், நல்லா இருந்துச்சு. அப்புறம் குறையுதுன்னு தெரிஞ்சப்ப, நான்தான்னு சொல்ல வாய் வரலை" என்றார் கடைசியில்.

"என் பேரைச் சொல்ல மட்டும் வாய் வந்துச்சா?" என்று கேட்டார் பெட்டகத்தம்மா.

தலைவரம்மாள் பேனாவை மூடினார். "மன்னிப்பை எழுத்துல குடுத்துருங்க. இப்பவே" என்று இயக்குநரிடம் சொன்னார்.

"எழுத்து மட்டும் போதாதுங்க. என்னைத் திருடின்னு இவர் எழுத்துல மட்டும் சொல்லலை. கேன்டீன்ல வச்சு, எல்லார் முன்னாலயும் சொன்னார். அங்கேயே வந்து சொல்லட்டும்" என்றார் பெட்டகத்தம்மா.

சொன்னார். டீ நேரம், கேன்டீன் நிறைந்திருந்தது. முதல் தடவை சொன்னது முன் வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. "சத்தமா" என்றார் பெட்டகத்தம்மா. இரண்டாவது தடவை கடைசி மேஜை வரை கேட்டது. யாரும் கை தட்டவில்லை, யாரும் சிரிக்கவில்லை. மூலையிலிருந்த ஒலிப்பதிவாளர் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து, பெட்டகத்தம்மாவின் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர்களுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

கிளம்பும்போது பெட்டகத்தம்மா மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் நின்றார்.

"நீங்க இன்னிக்கு வாயைத் திறக்கலைன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னு தெரியலைங்க" என்றார் அவர். "ஆனா அந்த முதல் வரியில 'இருக்காது'ன்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே, அதை மட்டும் எடுத்துருங்க."

---

அத்தை ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டி இரண்டு சிக்னல் தாண்டியது. மாப்பிள்ளையால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அத்தை, வீட்ல இதைச் சொல்லிடாதீங்க."

"சொல்லத்தான் போறேன்."

"முன்னூத்திப் பதினேழு பாட்டை முழுங்கினது நான்தான்னா?"

"அதையும் சொல்லுவேன். கம்பி நீட்ட வழி இருந்தும், அத்தனை பேர் முன்னால எழுந்து நின்னு 'நான்தான்'னு சொன்னீங்களே, அதையும் சொல்லுவேன். கல்யாணமாகி நாலு வருஷமா எம் பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா, 'இவர் எப்படிம்மா, சொல்லு'ன்னு. நானும் பார்க்கலாம், பார்க்கலாம்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்." அத்தை அவருடைய தோளை ஒரு தடவை தட்டினார். "இன்னிக்குப் பார்த்துட்டேன்."

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கியது. காற்றில் தூசி என்று சொல்லிப் பார்த்தார்; அத்தை நம்பவில்லை.

"ரெண்டுல எதை அத்தை முதல்ல சொல்லுவீங்க?"

"அது நீங்க இந்த வண்டியை எவ்வளவு மெதுவா ஓட்டறீங்கங்கிறதைப் பொறுத்தது" என்றார் அத்தை.

அடுத்த தெருவில் ஒரு சைக்கிள்காரர் மணியடித்து, அவர்களை விலகச் சொல்லி முந்திப் போனார்.